பதினொரு பை மண்

மன்னார்ப் பக்கம் பாப்பாமோட்டையில் பாலேஸ்வரியின் காணிக்கு ஒரு கடிதம் உண்டு. தமிழ்நாட்டு அகதி முகாமில் இருபது வருடம் இருந்துவிட்டு, 2010ஆம் ஆண்டின் கடைசியில் அவள் திரும்பி வந்தபோது கொடுத்தது. இந்தக் காணியில் கண்ணிவெடி அகற்றப்பட்டுவிட்டது, குடியேறலாம் என்று முத்திரையோடு எழுதியிருந்தது. அவள் அதைப் பொலித்தீன் பையில் போட்டுக் குடும்ப அட்டையோடு சேர்த்து வைத்தாள்.

எழுதியவர்கள் பொய் சொல்லவில்லை. வெடி இருக்கிறதா என்று தேடினார்கள். இல்லை என்று எழுதினார்கள். அந்த மண்ணில் வேறு என்ன கிடக்கிறது என்று தேடச் சொல்லி அவர்களை ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவர்கள் அரசாங்கக் கந்தோர்களில் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். சனத்தை லொறியால் இறக்கி, தலையை எண்ணி, படம் எடுத்து, மீள்குடியேற்றம் முடிந்தது என்று அறிக்கை அனுப்புவதிலேயே அவர்களுக்குப் பொழுது போய்விட்டது.

பாலேஸ்வரிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. தகப்பனிடமிருந்து ஒன்றரை ஏக்கர் வயலும் அதை ஒட்டிய வீட்டு வளவும் அவளுக்கு வந்திருந்தன. தகப்பன் முகாமிலேயே இறந்துபோனார். கணவன் சந்தியோகு வங்காலையைச் சேர்ந்த மீன்பிடிகாரன். முகாமில்தான் இருவரும் கலியாணம் செய்தார்கள். அவள் சைவம், அவன் கத்தோலிக்க வேதம். இரண்டு பக்கத்துச் சொந்தமும் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே தண்ணீர்க் குழாயில் வரிசையில் நிற்கிறவர்கள் எத்தனை நாளைக்குத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க முடியும்? பிறகு பேசினார்கள். ஊர் திரும்பி ஆறாம் மாதம் றொஷேல் பிறந்தாள்.

அந்த வருடம் மலசலகூடத்துக்குக் குழி வெட்டும்போது மண்வெட்டி எதிலோ டொக்கென்று இடித்தது. குழிக்குள் நின்ற சந்தியோகு ஒரே பாய்ச்சலில் வெளியே வந்து குப்புற விழுந்தான். வெடி இல்லை. லொறி பற்றறிகள். ஒன்றின்மேல் ஒன்றாக இருபத்து மூன்று. சண்டைக் காலத்தில் யாரோ அந்த வளவில் வாகனம் திருத்தியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் இரண்டு தரப்பும் மாறி மாறி இருந்தன. எந்தத் தரப்பும் போகும்போது தன் குப்பையை அள்ளிக்கொண்டு போகவில்லை.

சந்தியோகு தூசியைத் தட்டிக்கொண்டு எழும்பி, குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“பாலேஸ், இஞ்சை ஓடி வா! உன்ரை அப்பர் எனக்குச் சீதனம் தாட்டு வைச்சிருக்கிறார்.”

“அந்தாள் உம்மைக் கண்டதுக்கு ஒரு சதமும் வைச்சிருக்க மாட்டார். என்னது அது?”

“ஈயம்!”

வலையின் மேல்கயிற்றில் மிதவை கட்டுவார்கள், அடிக்கயிற்றில் ஈயக்குண்டு கோர்ப்பார்கள். குண்டு இல்லாத வலை தண்ணீரில் விரித்த சீலைதான். ஊருக்குத் திரும்பியவர்களிடம் வலை இல்லை, வலை வாங்கியவர்களிடம் ஈயம் இல்லை. பற்றறிக்குள்ளே இருக்கும் தகடுகளோ முழுக்க ஈயம். சந்தியோகுவுக்கு அது புதையல்தான்.

பின்வேலியோரம் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினான். பற்றறியைக் கோடாலியால் உடைத்து, உள்ளே இருந்த அசிற்றை நாயுருவிப் பற்றைக்கு ஊற்றினான். பற்றை ஒரு கிழமையில் கருகியது. அதுவும் ஒரு லாபம் என்று நினைத்தான். தகடுகளைப் பழைய இரும்புச் சட்டியில் போட்டு உருக்கினான். ஈர மணலில் விரல் பருமனுக்குக் குழல் குத்தி, நடுவில் ஆணி நிறுத்தி, உருகிய ஈயத்தை வார்த்தான். ஆறிய பிறகு ஆணியை உருவினால் துளையோடு குண்டு. வங்காலையிலிருந்து சொந்தக்காரர் தங்கள் பற்றறிகளையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்கள். பற்றறிகளின் வெளிக் கோதுகளும் அடுப்பில்தான் எரிந்தன. மூன்று கோடை இப்படிப் போனது.

இது கடல்காரரின் வேலை. பாலேஸ்வரியின் வேலை தோட்டம்.

வீட்டுக்குப் பின்னால் கத்தரி, தக்காளி, கீரைப் பாத்திகள் போட்டிருந்தாள். கத்தரிக்குப் பூச்சி வந்தால் சாம்பல் தூவ வேண்டும் என்பது அவள் சிறுவயதில் பார்த்துப் பழகியது. விடியற்காலையில், இலையில் பனி ஈரம் இருக்கும்போது, அரிதட்டால் அரித்துத் தூவினால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் வீட்டு அடுப்புச் சாம்பல் சட்டி பானை கழுவவே காணாது. பின்வேலி அடுப்பிலோ சாம்பல் குவிந்து கிடந்தது. பாரமான, நைசான, கருஞ்சாம்பல். தூவிப் பார்த்தாள். மற்றச் சாம்பலைவிட நன்றாக ஒட்டியது. பூச்சி செத்து விழுந்தது.

தோட்டக்காரர் வீட்டில் ஈயம் உருக்க மாட்டார்கள். மீன்பிடிகாரர் வீட்டில் கத்தரிக்குச் சாம்பல் தூவ மாட்டார்கள். இரண்டு வீட்டுப் பழக்கமும் ஒரு வளவுக்குள் வந்து சேர்ந்தபோது, யாருக்கும் தெரியாமல் ஒரு நஞ்சுத் தோட்டம் உருவாயிற்று.

“உன்ரை கத்தரிக்கு மட்டும் என்னடி மருந்து அடிக்கிறாய்?” என்று பக்கத்து வளவு ஜெயந்தினி கேட்டாள்.

“மருந்தோ? என்ரை மனுசன்ரை கரியும் சாம்பலுந்தான்.” பாலேஸ்வரி அவளுக்கும் ஒரு பால்மா ரின் நிறையச் சாம்பல் கொடுத்தாள்.

றொஷேல் தாயின் பின்னாலேயே திரிந்தாள். பாத்தியில் குந்தியிருந்து மண் கிண்டுவாள். தக்காளியைப் பிடுங்கிச் சட்டையில் துடைத்துவிட்டுத் தின்பாள். இரண்டு வயது தாண்டியபோது அவளுக்கு வயிற்றுவலி தொடங்கியது. கிழமையில் இரண்டு நாள்தான் வெளிக்குப் போவாள். சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புவாள். நகம் வெளிறிப்போனது. ஓடித் திரிந்த பிள்ளை மூலையில் சுருண்டு படுத்தது.

கிளினிக்கில் ஒரு உத்தியோகத்தர் நிறை அட்டையைப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டார்.

“பிள்ளைக்குச் சாப்பாடு குடுக்கிறேல்லையோ? இந்தியாவிலை இருந்து வந்ததுகள் எல்லாம் இப்பிடித்தான். பெத்துப்போட்டு விட்டிடுறது.”

பாலேஸ்வரி பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நிறை அட்டையைத் திருப்பி வாங்கினாள். அன்று காலையில்தான் தோட்டத்துக் கீரையைக் கடைந்து, நெய் விட்டு, கெஞ்சிக் கெஞ்சி நாலு வாய் ஊட்டிவிட்டு வந்திருந்தாள். ஏழையின் பிள்ளை மெலிந்தால் தாயைத் திட்டுவது சுலபம். ஒரு துளி இரத்தம் எடுத்துப் பார்ப்பதற்குத்தான் கடதாசியும் கையெழுத்தும் வேண்டும்.

பிள்ளைக்குக் கண்ணூறு பட்டிருக்கிறது என்றார்கள் அயலார். ஒருவர் நூல் கட்டினார், இன்னொருவர் எண்ணெய் மந்திரித்துக் கொடுத்தார். சந்தியோகுவின் தமக்கை கோயிலுக்கு நேர்த்தி வைத்தாள். இந்த மனிதர்கள்மேல் கோபப்பட ஒன்றுமில்லை. நூலும் எண்ணெயும் வீடு தேடி வந்தன. ஆய்வுகூடம் வரவில்லை.

வந்தவள் ஸுஹறா. அந்தப் பகுதிக்குப் புதிதாக வந்த குடும்பநல உத்தியோகத்தர். அவளும் இடம்பெயர்ந்து, புத்தளத்தில் வளர்ந்து திரும்பியவள்தான். 2014ஆம் ஆண்டு மாசி மாதம், வீடு வீடாகப் பிள்ளைகளை நிறுத்துக்கொண்டு வந்தாள். தராசை மாட்ட இடம் தேடியபோது வழியில் இருந்த சாம்பல் ரின்னை ஒரு கையால் தூக்கப்போய், திரும்பக் கீழே வைத்தாள்.

“என்ன புள்ள இது, கல்லா?”

“சாம்பல், மிஸ். கத்தரிக்குப் போடுறது.”

“சாம்பல் இவ்வளவு பாரமா இருக்குமா? எங்கத்தைச் சாம்பல்?”

பாலேஸ்வரி பின்வேலி அடுப்பைக் காட்டினாள். ஸுஹறா போய்ப் பார்த்தாள். உடைந்த பற்றறிக் கோதுகளைக் காலால் தட்டிப் பார்த்தாள். பிறகு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த சந்தியோகுவிடம் வந்தாள்.

“அண்ணன், வாயைத் திறங்க.”

“எனக்குப் பல்லிலை ஒரு வருத்தமும் இல்லை, மிஸ். வயித்துக் குத்துத்தான். அது கடல் தண்ணியாலை.”

“கடலைப் பிறகு பாப்பம். இப்ப வாயைத் திறங்க.”

அவனுடைய முரசில், பல் ஈற்றின் ஓரம், நீலக் கறுப்பாக ஒரு கோடு ஓடியிருந்தது. ஈயம் உடம்பில் ஏறியவர்களுக்கு விழும் கோடு. ஸுஹறா அதைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பாத்தியைப் பார்த்தாள். அன்று மற்ற வீடுகளுக்குப் போகவில்லை. மூவரின் இரத்தத்தையும் பரிசோதிக்க வேண்டும் என்று அங்கேயே குந்தியிருந்து கடிதம் எழுதினாள்.

இரத்தம் கொழும்புக்குப் போய் மறுமொழி வர மூன்று கிழமை எடுத்தது. மன்னார் ஆஸ்பத்திரியில் டொக்டர், வயதில் இளைய பெண், கடதாசியை மேசையில் விரித்து விளங்கப்படுத்தினாள். றொஷேலின் இரத்தத்தில் ஈயம் டெசிலீற்றருக்கு முப்பத்தொரு மைக்ரோகிராம். இருக்கவே கூடாத பொருள் அது. சந்தியோகுவுக்கு ஐம்பத்திரண்டு. பாலேஸ்வரிக்குப் பத்தொன்பது.

“மருந்து இருக்கோ, டொக்டர்?”

“நாப்பத்தைஞ்சுக்கு மேலை போனால் பிள்ளையளுக்கு மருந்து குடுக்க வேணும். பெரியாக்களுக்கு அதைவிடக் கூடப் போக வேணும். இவவுக்கு இப்ப மருந்து தேவையில்லை. எங்கையிருந்து வருகுதோ அதை நிப்பாட்டினால் தானாக் குறையும். இரும்புச் சத்து, பால், முட்டை குடுங்கோ. ஆனா எங்கையிருந்து வருகுது எண்டு சரியாத் தெரிய வேணும்.”

“சாம்பலிலை இருந்துதான்.”

“சாம்பலிலை மட்டுமோ? கிணறு? வயல்? அரிசி? அந்த வளவு முழுக்கப் பழுதெண்டால் அங்கை இந்தப் பிள்ளையை வளர்க்க ஏலாது, அக்கா.”

அந்த ஒரு வசனத்தோடு பாலேஸ்வரி வீட்டுக்கு வந்தாள். இந்த மண்ணில் என் பிள்ளை வளரலாமா, இல்லையா? அதற்குப் பிறகு அவளுக்கு வேறு கேள்வி இருக்கவில்லை.

முதல் வேலையாக ஜெயந்தினி வீட்டுக்குப் போனாள்.

“நான் தந்த சாம்பல் மிச்சம் இருக்கோ? திருப்பித் தா. அது நஞ்சு. எனக்குத் தெரியாமல் தந்திட்டன்.”

ஜெயந்தினி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “அடி, நான் அதைத் திறக்கவேயில்லை. உன்ரை கத்தரியைப் பாத்து எரிச்சலிலை கேட்டனான், வாங்கி மூலையிலை வைச்சிட்டன்.”

“உன்ரை சோம்பேறித்தனத்துக்குக் கோயில் கட்ட வேணும்,” என்றாள் பாலேஸ்வரி. பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

ஆனால் கதை ஊருக்குள் பரவியது. மீள்குடியேறின மண் எல்லாம் நஞ்சாம் என்றார்கள். மரக்கறி எடுக்கிற வியாபாரி அந்த ஒழுங்கைக்கே வரவில்லை. கந்தோரிலிருந்து வந்த ஒருவர் வீட்டுக்குள் வராமல் படலையில் நின்றபடியே, “தேவையெண்டால் உங்களைத் தற்காலிகமா வேறை இடத்திலை விடலாம்” என்றார்.

“என்ன இடம்?”

“கொட்டில் போட்டுத் தருவம்.”

“ஐயா, நான் இருபது வருசம் தற்காலிகமா இருந்திட்டு வந்தனான்,” என்றாள் பாலேஸ்வரி. “முதல் மண்ணைச் சோதியுங்கோ. பிறகு கொட்டிலைப் பற்றிக் கதைப்பம்.”

சோதிக்க வந்தவன் விவசாயப் போதனாசிரியர் கஜீபன். வேலைக்கு வந்து இரண்டு வருடம். அவனோடு படித்த ஒருத்தி பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இருந்தாள். மண்ணைச் சோதித்துத் தருகிறேன் என்றிருந்தாள். கஜீபன் ஒரு வாளியும் ஒரு பையும் கொண்டு வந்தான். உரம் போடுவதற்கு மண் பார்க்கும் முறை அவனுக்குத் தெரியும். காணியின் பல இடங்களில் மண் எடுத்து, வாளியில் போட்டுக் கலந்து, அதில் ஒரு பிடி அனுப்ப வேண்டும். முதல் குழியைத் தோண்டி வாளியில் போட்டான். இரண்டாவது குழிக்குப் போனான். பாலேஸ்வரி வாளியைப் பிடித்துக்கொண்டாள்.

“தம்பி, இரண்டையும் ஏன் கலக்கிறியள்?”

“அதுதான் அக்கா முறை. சராசரி எடுக்கிறது.”

“நாலு கறியிலை ஒண்டுக்கு உப்புக் கூடிப்போச்சு எண்டு வைப்பம். நாலையும் ஒரு சட்டியிலை ஊத்தி ருசி பாத்தால் எந்தக் கறி எண்டு தெரியுமோ?”

கஜீபன் நிமிர்ந்து பார்த்தான்.

“எந்தப் பாத்திக்கு எத்தனைதரம் தூவினனான் எண்டு எனக்குத் தெரியும். எந்தப் பாத்திக்குத் தூவேல்லை எண்டும் தெரியும். நான் காட்டுறன். நீங்கள் தனித்தனியா எடுங்கோ.”

“அப்பிடியெண்டால் நிறையப் பை வேணும், அக்கா. ஒரு பைக்குத்தான் சொல்லி வைச்சனான்.”

“உங்கடை ஆளிட்டைக் கேளுங்கோ. கூடப் படிச்சவதானே? மாட்டன் எண்டோ சொல்லப்போறா?”

சந்தியோகு வேலியோரத்திலிருந்து, “கேளும் தம்பி, கேளும். எங்களுக்கும் ஒரு கலியாணச் சாப்பாடு கிடைச்ச மாதிரி இருக்கும்” என்றான். கஜீபனுக்குக் காது சிவந்தது. ஆனால் கேட்டான். ஆய்வுகூடக்காரி சம்மதித்தாள்.

பாலேஸ்வரி பூவரசந்தடிகளை முறித்துக்கொண்டு நடந்தாள். உருக்கிய அடுப்படியில் ஒரு தடி. அசிற் ஊற்றிய இடத்தில் ஒன்று. கத்தரிப் பாத்தியில் இரண்டு. தக்காளியில் ஒன்று. ஒரே ஒருதரம் தூவிய கீரைப் பாத்தியில் ஒன்று. ஒருபோதும் தூவாத வெண்டிப் பாத்தியில் ஒன்று. முற்றத்தில், பிள்ளை விளையாடுகிற இடத்தில், ஒன்று. கிணற்றடியில் ஒன்று. வயலின் இந்தக் கரையில் ஒன்று, அந்தக் கரையில் ஒன்று. பதினொரு தடி, பதினொரு பை. கிணற்றுத் தண்ணீரும் போன வருட நெல்லும் தனியாக. இடத்தின் பெயர் எழுதிய துண்டு விழாமல் இருக்கப் பழைய சீலையைக் கிழித்துப் பைகளைக் கட்டிக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் காத்திருந்தார்கள். அந்த இரண்டு மாதமும் பிள்ளையின் கால் மண்ணில் படவில்லை. வீட்டுக்குள் பாய் விரித்து, அதில் இருத்தி, தாய் பக்கத்தில் இருந்தாள். மரக்கறி ஜெயந்தினி வீட்டிலிருந்து வந்தது. சந்தியோகு அடுப்பைக் கலைத்துச் சட்டியைத் தகரத்தால் மூடினான். குண்டு கேட்டு வந்த வங்காலைக்காரரைத் திருப்பி அனுப்பினான்.

“இனி மனுசி சொல்லித்தான் வலை கட்டுவியோ, மச்சான்?” என்று அவர்கள் பகிடி பண்ணினார்கள்.

“நீங்கள் எல்லாரும் வரிசையா நிண்டு வாயைத் திறவுங்கோடா பாப்பம்,” என்றான் அவன். இரண்டு பேரின் முரசில் அதே கோடு இருந்தது. பகிடி நின்றது. அடுத்த கிழமை அவர்கள் தங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஸுஹறாவிடம் போனார்கள்.

ஆனி மாதம் ஒரு மத்தியானம் கஜீபன் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமலே கத்திக்கொண்டு வந்தான்.

“அக்கா! வயல் பத்தொன்பது!”

“அது கூடவோ குறையவோ? அதைச் சொல்லும் முதல்!”

“சும்மா மண்ணிலையே இருபது முப்பது இருக்கும், அக்கா. உங்கடை வயலிலை ஒண்டுமில்லை. இரண்டு கரையிலையும் ஒண்டுமில்லை. கிணறு சுத்தம். நெல்லுச் சுத்தம்.”

பாலேஸ்வரி அவன் கையிலிருந்த கடதாசியில் வயல் என்ற வரியில் விரலை வைத்துப் பார்த்தாள். கஜீபன் மிச்சத்தையும், ஒரு கிலோ மண்ணுக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில், வாசித்தான். உருக்கிய அடுப்படி பதினோராயிரத்துக்கு மேல். அசிற் ஊற்றிய இடமும் கத்தரிப் பாத்தியும் ஆயிரத்தைத் தாண்டியிருந்தன. தக்காளி எழுநூறு. கீரை முந்நூறு. முற்றம் நூற்றுச் சொச்சம். தூவாத வெண்டிப் பாத்தி இருபத்தாறு.

“ஈயம் நடக்காது, அக்கா,” என்றான் கஜீபன். “போட்ட இடத்திலை, மேல்மண்ணிலை, அப்பிடியே கிடக்கும். அதாலைதான் நூறு வருசத்துக்கும் போகாது. அதாலைதான் வயலுக்கும் வரேல்லை. எல்லாத்தையும் கலந்து அனுப்பியிருந்தால் முழுக் காணியும் பழுதெண்டு ஒரு கணக்கு வந்திருக்கும். நீங்கள் கொட்டிலுக்குப் போயிருப்பியள்.”

பழுதான மேல்மண்ணை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று கேட்டுக் கந்தோருக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த விடயம் தங்கள் பிரிவுக்குள் வராது என்று பதில் வந்தது. எந்தப் பிரிவுக்குள் வரும் என்று அதில் இல்லை. போர்க் குப்பையைப் புதைத்தவனுக்கு ஒரு பிரிவு இருந்தது. அதைத் தோண்டியெடுத்த ஏழைக்கு ஒன்றுமில்லை. கடைசியில் அவர்களே செய்தார்கள். கிணற்றுக்கு எட்டத்தில் மேட்டு நிலத்தில் குழி வெட்டிச் சீமெந்து பூசினார்கள். தூசி எழும்பாமல் தண்ணீர் தெளித்து, முகத்தைத் துணியால் கட்டி, அடுப்படி, அசிற் ஊற்றிய இடம், பாத்திகள் எல்லாவற்றின் மேல்மண்ணையும் ஒரு சாண் ஆழத்துக்குச் சுரண்டி அள்ளிக் குழிக்குள் போட்டு, மேலே கொங்கிறீற் மூடி போட்டார்கள். கஜீபன் திரும்பவும் மண் எடுத்துப் பார்த்தான். தனித்தனிப் பைகளில். சுரண்டிய இடங்கள் எல்லாம் நூறுக்குக் கீழே இறங்கியிருந்தன.

புரட்டாதியில் றொஷேலின் இரத்தத்தில் பதினேழு. வயிற்றுவலி நின்றிருந்தது. அடுத்த வருடம், 2015 ஐப்பசியில், மூவரும் திரும்ப மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதே டொக்டர். கடதாசியைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலை நிமிர்ந்து சிரித்தாள்.

“ஆறு.”

“ஆறோ?”

“ஓம், ஆறு. பூச்சியமா இருந்தால்தான் சரியான கணக்கு. எண்டாலும் இது நல்ல செய்தி. இவ தப்பியிட்டா. பள்ளிக்கூடம் போகேக்கை படிப்பைக் கவனிச்சுப் பாருங்கோ. ஏதும் பிந்தினால் கொண்டு வாங்கோ, நான் பாக்கிறன். அப்பாவுக்கும் இறங்கியிருக்கு, பதினெட்டு.”

“இவள் மண்ணிலை விளையாடலாமோ, டொக்டர்?” என்று சந்தியோகு கேட்டான்.

“வயல் மண் சுத்தமெண்டுதானே சொன்னியள்? விளையாடட்டும். கையைக் கழுவச் சொல்லுங்கோ.”

பஸ்ஸால் இறங்கி வரும்போது மழை விட்டிருந்தது. உழுது போட்ட வயலில் தண்ணீர் நின்றது. இரண்டு நாளில் விதைக்க வேண்டும். மூவரும் வரம்பில் நடந்தார்கள். ஒன்றரை வருடமாகச் செருப்பில்லாமல் வாசல் தாண்டாத பிள்ளை நடுவரம்பில் நின்றாள்.

“அம்மா, நான் இதுக்குள்ளை இறங்கட்டே?”

சந்தியோகு மனைவியைப் பார்த்தான். பாலேஸ்வரி குனிந்து ஒரு கை சேற்றை அள்ளி விரலால் பிசைந்து பார்த்தாள்.

“செருப்பைக் கழட்டி வரம்பிலை வை. பிறகு இறங்கு.”

றொஷேல் இறங்கினாள். மூன்றாவது எட்டில் வழுக்கி அப்படியே இருந்துவிட்டாள். தலைமயிர் வரை சேறு. ஆஸ்பத்திரிக்கென்று போட்ட புதுச் சட்டை.

“எழும்படி, எருமைக்கண்டு!” என்று பாலேஸ்வரி கத்தினாள். கத்தியவள் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானும் சேற்றில் இறங்கினாள்.